கூரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே 11 மில்லிமீட்டர்

கோலாலம்பூரிலிருந்து என் பழைய லேண்ட் ரோவரில் காராக் நெடுஞ்சாலையில் ஏறி, கெந்திங் செம்பா சுரங்கப்பாதைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாத மழை. பக்கத்து இருக்கையில் அப்பா. முன்கண்ணாடியும் கூரையும் சேரும் இடத்திலிருந்து தண்ணீர் முதலில் சொட்டியது, அப்புறம் நூலாக ஒழுகியது, நான் வேகம் பிடிக்கப் பிடிக்கக் கயிறாகத் திரண்டது. அத்தனையும் அப்பாவின் மடியில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் வாங்கிய பேப்பரை நான்காக மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

சுரங்கத்துக்குள் நுழைந்தோம். வெளியே மழை நின்றது, வண்டிக்குள் நிற்கவில்லை. சுரங்கத்தைத் தாண்டும் வரை ஒழுகிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு இருந்த எரிச்சலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டிக்கு என்ன நோய் என்பதை அந்த ஒரு நிமிடமே சொல்லிவிட்டிருந்தது என்பது பல மாதம் கழித்துத்தான் புரிந்தது.

வண்டி 1974ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் சீரீஸ் 3, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 88 அங்குலம், மேலே கெட்டியான தகரக் கூரை. தகரம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன், உண்மையில் அலுமினியக் கலவை. கேமரன் மலையில் ஒரு காய்கறித் தோட்டக்காரரிடம் வாங்கினேன். அங்கே இப்போதும் இந்த வயதுடைய லேண்ட் ரோவர்கள் முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறுவதைப் பார்க்கலாம். எங்கள் தாத்தா ஒரு ரப்பர் தோட்டத்தில் துரையின் லேண்ட் ரோவரை ஓட்டியவர். அப்பா சின்ன வயதில் அதன் பின்பலகையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போயிருக்கிறார். அதனால் இந்த வண்டி செந்தூலில் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்ற நாளில் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். மடி நனைந்தும் பேசாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பழகாதவர்களுக்கு ஒரு விஷயம். சாதாரணக் காரில் முன்கண்ணாடித் தூண்களும் கூரையும் ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இந்த வண்டியில் அப்படி இல்லை. முன்கண்ணாடி தனியான ஓர் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டைக் கண்ணாடிகளாக நிற்கிறது. கூரையைக் கழற்றிவிட்டால் அந்தச் சட்டத்தை அப்படியே முன்னால் பானட்டின் மேல் மடித்துப் படுக்க வைக்கலாம். ஆகவே கூரையின் முன்விளிம்பு சட்டத்தின் தலையில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு ரப்பர், பிடிப்பதற்குப் போல்ட்கள், அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே வராமல் இருப்பது முழுக்க அந்த ரப்பர் எவ்வளவு சீராக நசுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றும் உண்டு. 1948இல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது பிரிட்டனில் போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியத்தில் செய்தார்கள், அந்தப் பழக்கம் கடைசி வரை நின்றுவிட்டது. ஆனால் கண்ணாடிச் சட்டம் இரும்பு. இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் கிடந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். வெயிலில் இரண்டும் ஒரே அளவு நீள்வதும் இல்லை. கோலாலம்பூர் மத்தியான வெயிலில் கூரை கை வைக்க முடியாதபடி சுடும், நாலரை மணிக்கு மழை அடித்தால் நிமிடத்தில் குளிர்ந்துவிடும். 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மீட்டர் அகலத்தில் அலுமினியம் இரும்பைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக நகரும். தினமும் நகரும். அங்கே கல் போல் இறுகும் எதைப் பூசினாலும் விரிசல் விழத்தான் செய்யும்.

இதெல்லாம் தெரிவதற்கு முன்னால், சோம்பேறித்தனமாக, வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். மாலையில் போனால் வெளிப்பக்கம் முழுக்க இரண்டு டியூப் சிலிக்கானைப் பிதுக்கி, விரலால் தடவி வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறியது. அப்பா மோந்து பார்த்துவிட்டு, "பால் கொட்டாயில ஒறைய ஊத்துற ஆசிட் மாதிரி இல்ல?" என்றார். கிட்டத்தட்ட சரிதான். தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றியது ஃபார்மிக் ஆசிட். இந்த வகை மலிவு சிலிக்கான் இறுகும்போது வெளிவிடுவது அசிட்டிக் ஆசிட். இரண்டும் நெருங்கிய உறவு. குளியலறை ஓடுகளுக்கு அது பரவாயில்லை, பெயின்ட் உரிந்த இரும்பின் மேல் போட்டால் துருவுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. வாங்கும்போது டியூப்பில் நியூட்ரல் வகை என்று போட்டிருக்கிறதா பார்க்க வேண்டும் என்பதை அதற்கு அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். மூன்று மாதத்தில் அந்தச் சிலிக்கான் தோல் உரிந்த மாதிரி தொங்கியது. ஒழுகல் அப்படியே இருந்தது, கூடவே எங்கிருந்து ஒழுகுகிறது என்பதும் மறைந்துபோனது.

ஒரு சனிக்கிழமை முழுவதும் அதைச் சுரண்டுவதிலேயே போனது. பிளாஸ்டிக் சுரண்டி, பழைய வங்கி அட்டை, மூலைகளில் பிளேடு, கடைசியில் டர்பன்டைன் நனைத்த துணி. மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பெயின்ட்டும் நிற்காது, பசையும் நிற்காது. தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். முத்து முத்தாக உருண்டு ஓடினால் படலம் இன்னும் இருக்கிறது, பரவி நின்றால் போய்விட்டது. மூன்று முறை முத்து உருண்டது. சிலிக்கானைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, அதைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லா வண்டியையும் பார்ப்பவர்கள் மேல்தான்.

அடுத்து, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தேடும் வேலை. ஒழுகும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். முதலில் தோட்டக் குழாயைக் கூரையின் மேல் ஓடவிட்டேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அரை மணி நேரம் விட்டும் வரவில்லை. நின்ற வண்டியில் வராமல் ஓடும்போது மட்டும் வருவது ஏன் என்று யோசித்தால் விஷயம் காற்றில் இருக்கிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று முன்கண்ணாடியில் கொடுக்கும் அழுத்தம், தண்ணீரை இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. கூரையின் மடிப்புக்கு அடியில் தேங்கி நிற்கிற தண்ணீர், சாதாரணமாக வெளியே வழிந்துவிடும். காற்று தள்ளும்போது அது மேலேறி உள்பக்கம் குதிக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த உயரம் இரட்டிப்பாகும், ஆனால் என் வண்டி 100 போவதற்கு இறக்கம் வேண்டும்.

ஆகவே குழாய் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, முன்பக்கமிருந்து, கீழிருந்து மேலாக அடித்தேன். கீழிருந்து மேலாக என்பது முக்கியம். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். உள்ளே தண்ணீர் வந்த தடம் தெரிவதற்கு ஏதாவது பொடி தூவ வேண்டும். வீட்டில் முகப்பவுடர் தீர்ந்திருந்தது. சாமி அறையில் விபூதிப் பொட்டலம் இருந்தது. டேஷ்போர்டின் மேலும் சட்டத்தின் உள்விளிம்பிலும் மெல்லியதாகத் தூவினேன். அப்பா வந்து பார்த்தார். "பத்துமலை விபூதிடா அது" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வண்டியின் சீட்டில் வைத்திருந்தார்.

விபூதியில் விழுந்த தடம் தெளிவாகவே இருந்தது. தண்ணீர் நடுப்பகுதியில் கூரைக்கு அடியில் நுழைகிறது. அங்கேயே சொட்டவில்லை. சட்டத்தின் தலைப்பகுதியில் பழைய போல்ட் துளை ஒன்று திறந்து கிடந்தது, அதன் வழியாகச் சட்டத்துக்குள் இறங்குகிறது. சட்டம் உள்ளே கூடு. அது ஒரு தொட்டி மாதிரி நிரம்பி, இடது மூலையில் வழிந்து, அப்பாவின் முழங்காலுக்கு நேராக விழுகிறது. சுரங்கத்துக்குள் மழை பெய்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. வெளியே தண்ணீர் நின்ற பிறகும் தொட்டியில் மிச்சம் இருந்தது.

இரவில் உள்ளே டார்ச் விளக்கை வைத்து வெளியிலிருந்து பார்த்தேன். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. இடைவெளி எவ்வளவு என்று அளக்க வேண்டும், ஸ்கேலை உள்ளே விட வழியில்லை. மனைவி சப்பாத்தி மாவு உருண்டையை வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னாள். நல்ல யோசனைதான், ஆனால் மாவு அழுத்தம் எடுத்ததும் கொஞ்சம் திரும்ப எழும்பிவிடுகிறது. மகளின் பிளாஸ்டிசின் களிமண் எழும்புவதில்லை. பழைய ரப்பரைப் பிய்த்தெடுத்துவிட்டு, களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு சாணுக்கு ஒன்றாக அடுக்கி, போல்ட்களைப் பழையபடி இறுக்கி, திரும்பத் தளர்த்தி எடுத்து, நசுங்கிய தடிமனைக் காலிப்பரில் அளந்தேன். வலது மூலையில், அதாவது ஓட்டுநர் பக்கம், 4 மில்லிமீட்டர். இடது மூலையில் 7. நடுவில் 11.

இந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகுதான், நான் தேடிக்கொண்டிருந்த "நல்ல ரப்பர்" எந்தக் கடையிலும் கிடைக்காது என்று புரிந்தது. பஞ்சு ரப்பர் தன் தடிமனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நசுங்கினால்தான் ஒழுங்காக அடைக்கும். 12 மி.மீ. ரப்பரைப் போட்டால் நடுவில் 1 மி.மீ. மட்டுமே நசுங்கும், தண்ணீர் சிரித்துக்கொண்டே போகும். அதே ரப்பர் வலது மூலையில் 8 மி.மீ. நசுங்க வேண்டியிருக்கும், அது செத்துப்போய்க் கல்லாகிவிடும். 18 மி.மீ. போட்டால் நடுவில் சரியாக இருக்கும், மூலைகளில் கூரையே மேலே தூக்கிக்கொள்ளும். ஆக ரப்பர் மாற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை இடைவெளியை ஒரே சீராக்குவது.

இங்கேதான் பக்கத்து வரிசையில் இருக்கும் அங்கிள் வந்தார். செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்கால நடைக்குப் போகிறவர், நான் களிமண்ணோடு நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார். சுற்றி வந்து பார்த்தார். கண்ணாடிச் சட்டத்தின் கதவுப் பக்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "கூரைய விடு தம்பி. சட்டமே முன்னால சாஞ்சிருக்கு பாரு" என்றார். கதவின் முன்விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே மேலே போகப் போக இடம் அகலமாகிக்கொண்டே போனது. நான் ஆறு மாதமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

ஏன் சாய்ந்தது? சட்டத்தின் அடிப்பக்கம், பல்க்ஹெட்டின் (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவர்) மேல் அது உட்காரும் இடத்திலும் ஒரு ரப்பர் உண்டு. முன்பு யாரோ அந்த ரப்பர் கிடைக்காமல் லாரி டயரின் டியூப்பை வெட்டி, மூன்றாக மடித்து அடியில் வைத்திருந்தார்கள். கீல்கள் முன்பக்கம் இருக்கின்றன, தடித்த டியூப் பின்பக்கம். பின்பக்கம் உயர்ந்தால் தலை முன்னால் சாயும். சாய்ந்த சட்டத்தோடு கூரையைச் சேர்க்க, மூலைகளில் இருந்த போல்ட்களை மட்டும் பிடித்து முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருக்கிறார்கள். மூலைகள் கீழே இழுபட, நடுப்பகுதி வில் மாதிரி வளைந்து எழும்பிவிட்டது. அதுதான் அந்த 11. மலையில் இருந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு விடிவதற்குள் காய்கறியைச் சந்தைக்கு அனுப்ப வேண்டும், டியூப் கையில் இருந்தது.

"கூரையத் தூக்காம இந்த வேல ஆகாது. நீ அடைக்க அடைக்க அது வேற எடத்துல வரும்" என்று சொல்லிவிட்டு அங்கிள் நடையைத் தொடர்ந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கையில் தன் ஸ்பேனர் பெட்டியோடு வந்து நின்றார். நான் கூப்பிடவே இல்லை.

ஸ்பேனர் பெட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டியின் போல்ட்கள் அங்குல அளவு. 13 மி.மீ. ஸ்பேனர் அரை அங்குலத் தலையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும், துருப்பிடித்த போல்ட்டில் பலம் கொடுத்ததும் வழுக்கித் தலையை வட்டமாக்கிவிடும். நான் ஏற்கெனவே இரண்டை வட்டமாக்கி வைத்திருந்தேன். அங்கிள் அதைத் தடவிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். எல்லாப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு நாள் முழுக்க ஊறவிட்டோம். அப்படியும் ஒன்று முறிந்தது. அதைத் துளைத்து எடுத்தோம்.

கூரையை முழுவதும் கழற்ற ஆறு கைகள் வேண்டும், எங்களிடம் நான்குதான். பின்பக்கப் போல்ட்களைக் கழற்றாமல் தளர்த்தி மட்டும் விட்டு, முன்பக்கத்தைத் தூக்குவது என்று முடிவு. இரண்டு சீட்டுக்கும் குறுக்கே பலகை, அதன் மேல் காரின் சின்ன ஜாக்கி, ஜாக்கியின் தலையில் பழைய கைலி சுற்றிய நீளமான மரச்சட்டம். மரம் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜாக்கி ஒரே இடத்தில் கூரையைக் குத்தி உப்ப வைத்துவிடும். கால் சுற்று, நிறுத்திப் பார்ப்பது, கால் சுற்று. நாலு சென்டிமீட்டர் தூக்கியதும் போதும் என்றார். மரத்துண்டுகளை இரண்டு பக்கமும் செருகிவிட்டுத்தான் கையை உள்ளே விட்டோம்.

சட்டத்தின் தலையைப் பார்த்தால் வயிறு கலங்கியது. பழைய பஞ்சு தண்ணீரைக் குடித்துக் குடித்து அடியில் இருந்த இரும்பை ஊறப்போட்டிருந்தது. அலுமினியம் தொட்ட இடமெல்லாம் உப்பு பூத்த மாதிரி வெள்ளை. இடது மூலையில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், உள்ளே போய்விட்டது. 20 சென் காசு அளவுக்கு ஓட்டை. அங்கிள் சட்டத்தின் அடி மூலைகளில் 5 மி.மீ. துளை ஒன்று போட்டார். காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. மழை பெய்து மூன்று நாள் ஆகியிருந்தது.

துரு வேலையை விரிவாகச் சொல்லப் போவதில்லை, எல்லோரும் செய்வதுதான். பாட்டரி வயரைக் கழற்றி, இடது கண்ணாடியை எடுத்து, அழுகிய இடத்தை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். வயர் பிரஷ், பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றி, துத்தநாக பிரைமர், இரண்டு பூச்சு பெயின்ட். திறந்து கிடந்த பழைய துளையை அடைத்தோம். பெயின்ட் காய்ந்த பிறகு சட்டத்தின் கூட்டுக்குள் மெழுகு எண்ணெயை நீளக் குழாய் வைத்துப் பீச்சினோம். கீழே போட்ட துளைகளை மட்டும் அடைக்கவில்லை. என்றைக்காவது தண்ணீர் உள்ளே போனால் அது வெளியேறவும் ஒரு வழி வேண்டும்.

ரப்பர் வாங்கப் போனது தனிக்கதை. ஜாலான் ஈப்போவில் உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கினேன். ஒரு தவுக்கே, அதாவது சீனக் கடைக்காரர், நான் நீட்டிய பழைய துண்டைக் கையில்கூட வாங்காமல், "ஓரிஜினல் சுடா தாடா, போஸ்", அசல் இப்போது இல்லை என்று கையை விரித்துவிட்டார். அடுத்த கடையில் கருப்பு இயற்கை ரப்பர் பட்டை கிடைத்தது, விலையும் மலிவு. அப்பா அதைத்தான் வாங்கச் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு ரப்பர் என்றால் அந்த ரப்பர்தான். கோலகங்சாரில் 1877இல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, அதைப் பார்க்க எங்களைச் சின்ன வயதில் கூட்டிப்போனவர் அவர். ஆனால் இந்த இடத்துக்கு இயற்கை ரப்பர் ஒத்துவராது. இழுத்தால் நீளும் குணத்தில் அதை அடிக்க இன்னொன்று இல்லை, வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும்தான் அதன் எதிரி. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் கடித்து அறுக்கும். வளைந்த நிலையில் இருக்கும் பட்டையில் சீக்கிரமே வெடிப்பு விழும். இபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரின் முதுகுச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை, கடிக்க ஒன்றுமில்லை. இப்போதைய கார்களின் கதவு ரப்பர் பெரும்பாலும் அதனால்தான் அதில் செய்யப்படுகிறது. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம மரத்துக்கு இந்த நாட்டு வெயிலே ஆகலன்னு சொல்ற" என்றார். மரத்துக்கு ஆகும், பட்டைக்குத்தான் ஆகாது என்றேன். திருப்தி இல்லை அவருக்கு.

இபிடிஎம் பஞ்சிலும் இரண்டு வகை. தண்ணீரை உறிஞ்சாத மூடிய கண்ணறை, உறிஞ்சும் திறந்த கண்ணறை. பார்வைக்கு ஒரே மாதிரி, கடைக்காரர்கள் பலருக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டு மாதிரி வாங்கிவந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, சமையலறைத் தராசில் எடை பார்த்து, வாளித் தண்ணீருக்குள் பல தடவை நசுக்கிவிட்டு, கல்லை வைத்து இரவு முழுக்க முக்கிவைத்தேன். காலையில் ஒன்று 18 கிராமிலிருந்து 19 ஆகியிருந்தது. இன்னொன்று 15லிருந்து 41. இரண்டாவது பாத்திரம் துலக்க நன்றாக இருக்கும். பழைய ஆள் கூரைக்கடியில் வைத்திருந்ததும் அந்த ஜாதிதான்.

மறுபடி பொருத்துவதில் வரிசை முக்கியம். முதலில் சட்டத்தின் அடி ரப்பர். டியூப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சரியான தடிமனில் பட்டை வைத்து, கீல் போல்ட்களைக் கையால் மட்டும் முடுக்கினோம். கதவுகளை மூடி, கதவு விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே மேலும் கீழும் ஒரே இடைவெளி வரும் வரை சட்டத்தைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்து, அப்புறம்தான் ஸ்பேனர். பிறகு கூரையை வெறுமனே இறக்கி ஒரு இரவு அப்படியே விட்டோம். வளைந்த நடுப்பகுதி பாதி தானாக இறங்கியது. மீதியை மரச்சட்டம் வைத்து உள்ளங்கையால் அழுத்தினோம். சுத்தியல் எடுக்க நான் கை நீட்டினேன், அங்கிள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி களிமண் உருண்டை. வலது 5, நடு 7, இடது 6. போதும். 10 மி.மீ. பட்டை எல்லா இடத்திலும் முப்பதிலிருந்து ஐம்பது விழுக்காடு வரை நசுங்கும்.

பட்டையைக் கூரையின் பக்கம் மட்டும் ஒட்டினேன். இரண்டு பக்கமும் ஒட்டினால் நாளைக்குக் கண்ணாடியை மடிக்க வேண்டுமென்றால் கிழியும், அதோடு அந்த அரை மில்லிமீட்டர் தினசரி நகர்வுக்கும் இடம் இருக்காது. சட்டத்தின் பக்கம் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாக. ஒட்டும்போது பட்டையை இழுக்கவே கூடாது. நேராக வரட்டும் என்று கை தானாக இழுக்கும். இழுத்து ஒட்டிய ரப்பர் சில வாரத்தில் தன் நீளத்துக்குச் சுருங்கி மூலைகளில் ஓட்டை விடும். நான் முதல் தடவை இழுத்துவிட்டேன், உரித்துவிட்டு மறுபடி ஒட்டினேன். நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டு, இரண்டு மூலையிலும் மூன்று சென்டிமீட்டர் கீழே மடித்துவிட்டு, மடிப்பில் ஒரு சிட்டிகை பியூட்டில் டேப் என்கிற ஒட்டும் நாடா.

போல்ட்கள் பக்கத்தில் 6 மி.மீ. நைலான் வாஷர் வைத்தது அங்கிளின் யோசனை. அதற்கு மேல் இறுக்க முடியாது, ஆசைப்பட்டாலும் முடியாது. இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொள்ளாமல் இருக்கவும் அது உதவுகிறது. வலது மூலையில் இடைவெளி அதனால் 6க்கு ஏறியது, ரப்பருக்கு அதுவும் போதும். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி அரைச் சுற்று.

சோதனைக்குக் காகிதத்தைச் செருகி இழுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். கூரையை மூடும்போது ஒரு சாணுக்கு ஒரு துண்டு வைத்துவிட்டு, இறுக்கிய பிறகு இழுக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடி இருக்க வேண்டும். ரூபாய் நோட்டில் செய்வார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டில் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. பயந்துபோய்விட்டேன். நம் ஒரு வெள்ளி நோட்டு பிளாஸ்டிக் என்பது அப்புறம்தான் உறைத்தது. பத்து வெள்ளி காகிதம், அது நகரவில்லை. கிழிந்துவிடுமோ என்று அதற்கு மேல் இழுக்கவும் இல்லை.

குழாய், கட்டைவிரல், கீழிருந்து மேல், விபூதிக்குப் பதில் பவுடர். இருபது நிமிடம். கோடு ஒன்றும் விழவில்லை. இரவில் டார்ச் வெளிச்சமும் வெளியே வரவில்லை. செலவு, பெயின்ட்டும் ஆசிட்டும் சேர்த்து 214 வெள்ளி. அதில் பட்டைக்கு 36 மட்டும்தான். அங்கிள் காசு வாங்கவில்லை. தீபாவளிக்கு மனைவி முறுக்கு சுடும்போது ஒரு டின் தனியாகப் போகும்.

அடுத்த ஞாயிறு அப்பாவை ஏற்றிக்கொண்டு மறுபடி காராக் சாலை. அன்றைக்குப் பார்த்து வானம் வெளுத்துக் கிடந்தது. பெந்தோங் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, நாலு மணிக்கு மேல், எதிர்பார்த்தபடி கொட்டியது. 70இல் போனேன். அப்பா மேலே பார்த்தபடியே வந்தார், மடியில் பேப்பரைத் தயாராக வைத்துக்கொண்டு. கூரையோரம் காய்ந்திருந்தது. சுரங்கத்துக்குள் நுழைந்தபோதும் காய்ந்திருந்தது. வெளியே வந்து சற்று நேரத்தில் அவர் காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"இங்க ஒண்ணு விழுதே" என்றார்.

கண்ணாடிக்குக் கீழே பல்க்ஹெட்டில் காற்று வருவதற்கு இரண்டு மடிப்பு மூடிகள் இருக்கின்றன. இடப்பக்க மூடியின் ரப்பரும் அந்தக் காலத்தது. பெரிய ஒழுகல் இருந்தவரை இந்தச் சின்னது அதில் கலந்து தெரியாமல் போயிருக்கிறது. நிமிடத்துக்கு ஆறேழு சொட்டுதான். அதற்கு 6 மி.மீ. பட்டை போதும் என்று அளந்து வைத்திருக்கிறேன், மூடியின் கீல் ஆணிகள் வர மறுக்கின்றன, எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அதுவரைக்கும் அப்பாவின் காலடியில் ஒரு காலி மைலோ டின்.